கடல் தின்னும் குதிரைத்திறன்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயில் குடியிருப்பவர்களிடம் போய் இது மிகை என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை அடி நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், 30 கிலோ எடை உள்ள ஓர் அம்மியின் நீளப் பக்கத்தில், வினாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதுகிறது. அந்தக் காற்று அம்மியைத் தள்ளும் விசை 4 நியூட்டனுக்குச் சற்று மேல். அரைக் கிலோ எடையைத் தூக்கக்கூட அது போதாது. அம்மி பறப்பது இருக்கட்டும், தரையின் உராய்வை மீறி ஓர் அங்குலம் நகர்வதற்கே சுமார் 150 நியூட்டன் வேண்டும். அதற்குக் காற்று வினாடிக்கு 70 மீட்டர், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வீச வேண்டும். பெரும்புயல்களில் மட்டுமே காணக்கூடிய வேகம் அது. பழமொழி தோற்றுவிட்டது என்று இதை முடித்துவிட வேண்டாம். இந்தக் கணக்குக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. காற்றின் வேகம் ஏறக்குறைய 6 மடங்குதான் கூடியது. விசையோ 34 மடங்கு கூடிவிட்டது.

காரணம் எளிமையானது. காற்றோ தண்ணீரோ ஒரு பொருளின் மீது மோதும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வேகம் இரட்டித்தால் ஒரு வினாடியில் வந்து மோதும் காற்றின் அளவு இரட்டிக்கிறது. ஒவ்வொரு துளிக் காற்றும் சுமந்து வரும் உந்தமும் இரட்டிக்கிறது. இரண்டையும் பெருக்கினால் நான்கு. ஆகவே தடைவிசை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. பாட நூல்களில் இதை அடர்த்தியில் பாதி, அதைப் பெருக்கும் வேகத்தின் இருமடி, பரப்பு, வடிவத்தைப் பொறுத்த ஒரு குணகம் என்று எழுதுவார்கள். தட்டைப் பலகைக்கு அந்தக் குணகம் 1-க்குச் சற்று மேல். உருண்டைக்கு ஏறத்தாழ அரை. மீன் உடலைப் போல முன்னே பருத்துப் பின்னே ஒடுங்கிய வடிவத்துக்கு 0.05-க்கும் கீழே இறங்கலாம். கதை இதோடு முடிவதில்லை. விசையை மீறி நகர வேண்டுமென்றால் திறன் வேண்டும். திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. ஏற்கெனவே இருமடியில் நிற்கும் விசையை இன்னொரு முறை வேகத்தால் பெருக்கினால், மும்மடி. வேகம் இரட்டித்தால் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. குமரி மாவட்டக் கடற்கரையில் எரிபொருள் விலையைப் பற்றியும் எஞ்சின் குதிரைத்திறனைப் பற்றியும் நடக்கும் பேச்சுகளில் இந்த மும்மடி இடம்பெறுவதே இல்லை என்பதுதான் என் குறை. பெரிய எஞ்சின் வாங்குவது வேகத்துக்கான வழியும் இல்லை, பாதுகாப்புக்கான வழியும் இல்லை. டீசலை மிச்சம் பிடிக்கும் வழி எஞ்சின் அறைக்கு வெளியே, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைப்பிடியிலும் படகின் அடிப்பகுதியிலும் வலையின் நூலிலும் இருக்கிறது.

மும்மடி கொடுக்கும் கையாகவும் இருக்கிறது என்பதை இதே மாவட்டத்தில் பார்க்கலாம். முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகள், சுமார் 1,500 மெகாவாட் நிறுவு திறனோடு, நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி இடைவெளியில் நெருக்கிப் புகும்போது அதன் வேகம் கூடுகிறது. வினாடிக்கு 6 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் கொண்டுவருவது 130 வாட். அதுவே 12 மீட்டர் ஆனால் 1,000 வாட்டைத் தாண்டிவிடுகிறது. மலை தரும் அந்தக் கொஞ்சக் கூடுதல் வேகத்துக்காகத்தான் முதலீட்டாளர்கள் இத்தனை காற்றாலைகளை இந்தக் குறுகிய நிலத்தில் நட்டார்கள். அத்தனையையும் அறுவடை செய்ய முடியாது, 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சக்கரமும் எடுக்க இயலாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-ல் காட்டினார். இங்கே ஒரு சின்ன விலகல்: இந்தக் காற்றாலைகள் தடைவிசையால் சுற்றுவதில்லை, விமான இறக்கையைப் போல ஏற்றவிசையால் சுற்றுகின்றன. காற்று தள்ளுவதை மட்டும் நம்பும் சக்கரத்தின் இதழ் காற்றைவிட வேகமாக ஓட முடியாது. அதனால் அதன் விளைச்சல் எப்போதும் சொற்பம்தான். காற்றாலையின் மெல்லிய, ஒடுங்கிய இதழின் நுனியோ காற்றைப்போலப் பல மடங்கு வேகத்தில் சுழல்கிறது.

மலைக்கு இந்தப் பக்கம் வாரி வழங்கும் அதே மும்மடி, கடலுக்குள் இறங்கியதும் வட்டியோடு வசூலிக்கிறது. கடல்நீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறத்தாழ 850 மடங்கு. தண்ணீருக்குள் ஒரு பொருளைத் தடுப்பது எது என்பது பெரிய மேதைகளையும் நெடுநாள் அலைக்கழித்த கேள்வி. உராய்வே இல்லாத திரவத்தில் சீரான வேகத்தில் போகும் பொருளுக்குத் தடையே இருக்காது என்ற விசித்திரமான முடிவுக்கு 1752-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் டாலம்பேர் வந்து சேர்ந்தார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் எந்தப் படகோட்டியும் அதை நம்பியிருக்க மாட்டான். 1904-ல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் வந்துதான் முடிச்சை அவிழ்த்தார். படகின் உடலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் உடலோடு ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது. பின்புறத்தில் அந்தப் படலம் பிய்ந்து சுழலாக மாறுகிறது. உராய்வு ஒரு தடை, பின்னால் உருவாகும் சுழல் இன்னொரு தடை. நீரின் மேற்பரப்பில் ஓடும் படகுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று உண்டு, அலை. படகு எழுப்பும் ஒவ்வோர் அலையும் எஞ்சினின் டீசலில் பிறந்தது.

எண்களைக் கொண்டு பார்ப்போம். நீர்மட்டத்தில் 15 மீட்டர், அதாவது 50 அடி நீளமுள்ள ஒரு விசைப்படகு. 8 நாட் வேகத்தில் அதன் தடைவிசை 5,000 நியூட்டன் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 8 நாட் என்பது வினாடிக்கு 4.1 மீட்டர். பெருக்கினால் 20 கிலோவாட். சுழலும் விசிறி தன்னிடம் வரும் திறனில் பாதியைத்தான் தள்ளுவிசையாக மாற்றுகிறது என்று கொண்டால் எஞ்சின் 41 கிலோவாட், சுமார் 55 குதிரைத்திறன், கொடுக்க வேண்டும். ஒரு கிலோவாட்-மணிக்குக் கால் லிட்டர் டீசல் என்ற வழக்கமான கணக்கில் மணிக்குப் 10 லிட்டரைத் தாண்டும். கன்னியாகுமரிக்குத் தெற்கே பரந்து கிடக்கும் வாட்ஜ் பேங்க் மீன்பிடித் திட்டை நோக்கி 40 கடல் மைல் போனால் 5 மணி நேரம், 51 லிட்டர். அதே படகு 7 நாட்டில் போனால் 5 மணி 43 நிமிடம், 39 லிட்டர். 6 நாட்டில் 6 மணி 40 நிமிடம், 29 லிட்டர். முதல் ஒரு நாட் வேகத்தை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்தது 12 லிட்டர். கொடுத்தது முக்கால் மணி நேரம். மணிக்கு எரியும் டீசல் மும்மடியில் குறைகிறது, பயணம் நீள்வதால் மைலுக்கு எரியும் டீசல் இருமடியில் குறைகிறது. இருமடியே போதும், இதைவிட மலிவாக டீசல் மிச்சம் பிடிக்கும் கருவியை யாரும் விற்பதில்லை.

மும்மடி என்பது பாடப்புத்தகக் கணக்கு, கடலில் அப்படியே செல்லுமா என்று கேட்கலாம். செல்லாது. ஆனால் பிசகு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட், டார்க்கி நகரில் 1872-ல் கட்டிய நீள்தொட்டியில் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, உராய்வுத் தடையையும் அலைத் தடையையும் பிரித்துக் கணக்கிடும் முறையை வகுத்தார். படகு எழுப்பும் அலையின் நீளம் வேகத்தோடு கூடிக்கொண்டே போகும். அது படகின் நீளத்தை எட்டும்போது அணியம் ஓர் அலைமுகட்டிலும் பின்பக்கம் அடுத்த முகட்டிலும் மாட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் வேகம் கூட்ட முயன்றால், தானே எழுப்பிய அலையின் மேல் ஏற முயல்வதாகிவிடும். 15 மீட்டர் படகுக்கு அந்த எல்லை சுமார் 9.4 நாட். அதை நெருங்க நெருங்கத் தடை இருமடியைவிடச் செங்குத்தாக ஏறுகிறது. ஆக என் கணக்கு வேகத்தின் விலையைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது. மெதுவாகப் போகும் கோடியிலும் ஒரு பிசகு உண்டு. எஞ்சின் சும்மா ஓடவே கொஞ்சம் எரிபொருள் வேண்டும், அதனால் ஊர்ந்து போவதில் லாபம் இல்லை. எதிர்நீரோட்டம் இருந்தால் கணக்கு இன்னும் சுவையாகிறது. மும்மடி விதிப்படி, மிகக் குறைந்த செலவில் முன்னேற நீரோட்டத்தின் வேகத்தைப்போல ஒன்றரை மடங்கில் நீரைக் கிழிக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் செலவு கூடும்; நீரோட்டத்தின் வேகத்துக்கே இறங்கினால் கரைக்கும் கடலுக்கும் நடுவே நின்று எரிப்பதாகிவிடும். முழு விதிவிலக்கு ஒன்று உண்டு. எடை குறைந்த கண்ணாடியிழை வள்ளங்கள், பெரிய வெளிப்பொருத்து எஞ்சினோடு, சுமையில்லாமல் ஓடும்போது நீரைக் கிழிக்காமல் அதன் மேல் ஏறி வழுக்கிப் போகின்றன. அவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வலையும் பனிக்கட்டியும் மீனும் ஏறியதும் அந்த வள்ளமும் தண்ணீருக்குள் அமிழ்ந்து பழைய விதிக்குள் வந்துவிடுகிறது.

அடுத்த எதிர்ப்பு கடற்கரை ஏலத்திலிருந்து வருகிறது, அது வலுவானது. முந்தி வந்த படகின் மீனுக்கு நல்ல விலை, பிந்தி வந்ததற்கு வியாபாரி வைத்ததே விலை. முக்கால் மணி நேரத்தை டீசலாக மட்டும் எண்ணுகிறவன் மீன்வியாபாரம் அறியாதவன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் திரும்பி வரும் பயணத்துக்கு மட்டுமே பொருந்தும். வெறும் பெட்டியோடு வெளியே போகும்போது ஏலம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. திரும்பும்போதும், பிந்துவதால் இழக்கும் விலை 12 லிட்டர் டீசலின் விலையைவிட அதிகம் என்றால் விரட்டி ஓட்டுவதே சரி, குறைவு என்றால் தவறு. இதற்குக் கொள்கை தேவையில்லை, கழித்தல் கணக்கு போதும். நேரம் தவறாமல் கப்பல் ஓட்ட வேண்டிய பெரும் நிறுவனங்களே 2008-ஐ ஒட்டி எண்ணெய் விலை எகிறியபோது இந்தக் கழித்தலைப் போட்டன. மெர்ஸ்க் போன்ற சரக்குப்பெட்டகக் கப்பல் நிறுவனங்கள் வேகத்தைக் கணிசமாகக் குறைத்து ஓட்டத் தொடங்கின; பயண நாட்கள் கூடிய இழப்பை ஈடுகட்ட மேலும் கப்பல்களைச் சேர்த்தும்கூட அவற்றுக்கு லாபமாகவே இருந்தது.

இவற்றையெல்லாம்விடக் கனமான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. 2017 நவம்பர் 30-ஐ மறந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. ஒக்கி புயல் குமரிமுனைக்குத் தெற்கே மிகக் குறுகிய நேரத்தில் வலுப்பெற்று லட்சத்தீவு நோக்கிப் போனது. தூத்தூரை ஒட்டிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் திரும்பவில்லை. புயலுக்கு முன் கரை சேரப் பெரிய எஞ்சின் வேண்டாமா? மனம் வேண்டும் என்றே சொல்லும். ஆனால் மும்மடி இரக்கமில்லாமல் வேறொன்று சொல்கிறது. எஞ்சினின் திறனை இரட்டித்தால் வேகம் கூடுவது இரண்டின் கனமூல அளவுக்குத்தான்: 26 விழுக்காடு. 8 நாட் படகு 10 நாட் ஆகும், அதுவும் தாளில். 15 மீட்டர் படகின் அலை எல்லை 9.4-ல் நிற்பதால் கடலில் அதையும் எட்டாது. அலையும் எதிர்காற்றும் அதில் இன்னும் பிடித்துக்கொள்ளும். கரையிலிருந்து 200 கடல் மைல் தொலைவில் நிற்கும் படகுக்கு 25 மணி நேரப் பயணம் 21 மணி நேரமாகக் குறையலாம். அந்த 4 மணி நேரத்தை எச்சரிக்கை 4 மணி நேரம் முந்தி வந்தாலே பெற்றுவிடலாம். ஒரு நாள் முந்தி வந்தால் எந்தக் குதிரைத்திறனாலும் வாங்க முடியாத அவகாசம் கிடைக்கும். ஒக்கிக்குப் பிறகு செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலில் செய்தி பெறும் கருவிகளை மீனவர்கள் கேட்டுப் போராடியது இந்தக் கணக்குக்கு முழுக்கப் பொருந்துகிறது. திறன் கையிருப்பில் இருக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கையிருப்பு என்பது அவசரத்துக்கு. அதை நாள்தோறும் எரிப்பதற்கு ஒக்கியைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

வலை இழுக்கும் நேரத்தில் கதை வேறு. இழுவைப் படகு 2 அல்லது 3 நாட்டில்தான் நகர்கிறது. அப்போது தடையின் பெரும்பகுதி படகில் இல்லை, தண்ணீருக்கடியில் வரும் வலைமடியிலும், அதன் வாயை விரித்துப் பிடிக்கும் பலகைகளிலும், கம்பிவடத்திலும் இருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் மீன் நீந்தித் தப்பிவிடும் என்பது உண்மை. எனினும் 2.5 நாட் போதுமான இடத்தில் 3 நாட்டில் இழுத்தால் தேவைப்படும் திறன் 73 விழுக்காடு கூடுகிறது. வேகத்தில் கை வைக்க முடியாதபோது சமன்பாட்டில் மீதமிருப்பது பரப்பு. வலையின் பரப்பு என்பது கண்களின் வெற்றிடம் அன்று, நூலின் நீளமும் தடிமனும் சேர்ந்தது. அதே வலிமை உள்ள மெல்லிய நூலை எடுத்து, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனை ஒன்றாகக் குறைத்தால், நீருக்கு முகம் காட்டும் நூல்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முன்பகுதியில் கண்ணைப் பெரிதாக்கினால் நூலின் நீளமும் குறையும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எரிபொருள் சிக்கனத்துக்கென்றே வடிவமைத்த சாகர் ஹரிதா என்ற படகில் மேல்கட்டுமானத்தைக் கண்ணாடியிழையில் செய்து எடையைக் குறைத்ததும் இதே சமன்பாட்டின் இன்னொரு மூலையைத் தொடும் வேலைதான். எடை குறைந்தால் படகு குறைவாக அமிழும், நனையும் பரப்பு குறையும். இந்தக் கரைக்கு இது புதிய சிந்தனையும் இல்லை. 1980-களின் தொடக்கத்திலேயே பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்களைச் செய்து பார்த்தார்.

நனையும் பரப்பு வழவழப்பாக இருப்பதும் முக்கியம். பாசி படிந்து, அதன்மேல் சிப்பி ஒட்டிவிட்டால், பிராண்டிலின் மெல்லிய படலம் குலைந்து உராய்வு வெகுவாக உயர்ந்துவிடும். குமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு விசித்திரமான வசதி. ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த 61 நாட்களில் விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூசுகிறார்கள். தடை முடிந்து இறங்கும் படகு அந்த ஆண்டின் மிகச் சிக்கனமான படகு. பிறகு பத்து மாதம் அடிப்பகுதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு முறை, கிறிஸ்துமஸை ஒட்டிப் படகுகள் ஓய்ந்து நிற்கும் நாட்களில், விசிறியையாவது சுரண்டிச் சுத்தம் செய்தால் செலவு ஓர் ஆளின் அரைநாள் கூலி.

படகுக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? துடுப்பும் பாயும் இருந்த காலத்தில் நன்றாகத் தெரியும். கட்டுமரத்தில் வேகம் கூட்டினால் எவ்வளவு கூடுதல் பாடு என்பதைத் தோள் உடனே சொல்லிவிடும். எஞ்சின் சொல்வதில்லை. சுக்கான் அறையில் சுற்றுகளைக் காட்டும் முள் இருக்கிறது, வேகத்தைக் காட்டும் ஜிபிஎஸ் இருக்கிறது, மணிக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் கருவி பெரும்பாலான படகுகளில் இல்லை. விசைப்படகு டீசலுக்கு அரசு ஒரு வரம்பு வரை தரும் விற்பனை வரி விலக்கும், அது தேவையான உதவி என்றாலும், எரிவதன் உண்மை விலையைக் கொஞ்சம் மறைக்கிறது. பங்குமுறைதான் இதில் பேசப்படாத பகுதி. டீசல், பனிக்கட்டி, உணவு என்ற பயணச் செலவை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் உரிமையாளரும் தொழிலாளரும் பங்கு வைக்கிறார்கள். வீணாக எரிந்த டீசலில் தொழிலாளியின் பங்கும் சேர்ந்தே எரிந்திருக்கிறது. விசைப்பிடியோ அவன் கையில் இல்லை.

சோதித்துப் பார்ப்பதற்கு ஆய்வகம் வேண்டாம். பிரதான தொட்டியை மூடிவிட்டு, அளவு குறித்த ஒரு கேனிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் கொடுத்து, எஞ்சினிலிருந்து மிஞ்சித் திரும்பும் டீசலையும் அதே கேனில் விட்டு, அமைதியான காலையில் 5 கடல் மைல் தூரத்தைப் போகவும் வரவும் ஓட்ட வேண்டும். போய் வருவதால் நீரோட்டத்தின் கூட்டலும் கழித்தலும் ஏறக்குறைய அடிபட்டுப் போகும். முதலில் வழக்கமான 1,800 சுற்றில், பிறகு 1,620-ல். விசிறியின் சுற்றுக்கும் திறனுக்கும் இடையிலும் மும்மடிதான் நிற்கிறது. சுற்றைப் பத்து விழுக்காடு குறைத்தால் விசிறி கேட்கும் திறன் 27 விழுக்காடு குறையும். இரண்டு ஓட்டத்திலும் கேனில் குறைந்த அளவையும் ஆன நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, பங்கு பிரிக்கும் அன்று எல்லாரும் பார்க்கும்படி வைக்கலாம்.